ரீசெட் அடிச்சா தீருமா? பிரவுசர் செட்டிங்ஸ் பற்றி ஒரு பஞ்சாயத்து

3 மே 2025, காலை 10.40 / குடியாத்தம் ஜெராக்ஸ்

கடையில ரெண்டு சிஸ்டம். விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், குரோம். கீழ் மூலையில நிமிஷத்துக்கு ஒரு தரம் "உங்கள் கணினியில் வைரஸ்"னு எட்டிப் பாக்குது. தமிழ்ப் பக்கம்லாம் எழுத்து எறும்பு சைஸ். ஒரு தளத்துல சான்றிதழ் பிரிண்ட் பட்டனை அமுக்கினா கல்லு மாதிரி நிக்குது. என் கணக்குப்படி ரீசெட் அடிச்சிட்டு, பாப்-அப் (தளம் தானா தெறக்கற புது ஜன்னல்), நோட்டிஃபிகேஷன், படம், லொகேஷன் எல்லாத்தையும் மொத்தமா ஆஃப் பண்ணிட்டா நிம்மதி. இல்லைங்கறவங்க சொல்லுங்க.

3 மே, 11.20 / கோட்டை அகழி

இல்லைங்கறேன்.

ரீசெட் அடித்தால் தொடக்கப் பக்கம், தேடுபொறி, பின் பண்ணி வைத்த டேப், தளங்களுக்குத் தந்த அனுமதி எல்லாம் புதுசாக வாங்கிய நிலைக்குப் போகும். எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரில் ஒட்டிய கூடுதல் கருவிகள்) அணையும், குக்கி (லாகின் போன்றவற்றுக்காகத் தளங்கள் வைத்துப்போகும் குறிப்பு) அழியும். புக்மார்க், ஹிஸ்டரி, சேமித்த பாஸ்வேர்டு அப்படியே இருக்கும். எழுத்து அளவையும் அது தொடாது, ஆக எறும்பு எறும்பாகவே இருக்கும். வைரஸ் பூச்சாண்டி போகும், அடுத்த ஆள் வந்து "அலோ" அமுக்குகிற வரைக்கும். பிரிண்ட் பட்டன் தகராறு, எல்லாவற்றையும் ஆஃப் செய்தால் இன்னும் மோசமாகும். காரணமே பாப்-அப் தடைதான்.

மூன்று வியாதி, மூன்று இடம். முதலில் பூச்சாண்டி. மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். கீழே "அனுமதிக்கப்பட்டவை" பட்டியலில் நீ கேள்விப்பட்டே இராத தளங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளியில் "ரிமூவ்", "பிளாக்" இரண்டும் இருக்கும். ரிமூவ் கொடுத்தால் அந்தத் தளம் மறுபடி வந்து கேட்கலாம். பிளாக் கொடுத்தால் கேட்கவே முடியாது. பிளாக் கொடு. அப்புறம் அதே பக்கத்தின் மேலே, தளங்கள் நோட்டிஃபிகேஷன் அனுப்ப வேண்டாம் என்கிற தேர்வை வைத்துவிடு. கடை கணினிக்கு அறிவிப்பு எதுவும் தேவையில்லை. மொத்தமாக ஆஃப் செய்ய நான் ஒப்புக்கொள்கிறது இது ஒன்றுக்குத்தான்.

3 மே, 11.45 / கோட்டை அகழி

பாப்-அப். பிரிண்ட் பட்டனை அமுக்கியதும் விலாசப் பட்டையின் வலது ஓரத்தைப் பார். சின்னதாக ஒரு ஜன்னல் படம், அதில் சிவப்புக் குறி. அதைத் தட்டி, "எப்போதும் அனுமதி" வைத்து, டன். பிறகு பட்டனை மறுபடி அமுக்க வேண்டும், தானாகத் திறக்காது. இதை விட்டுவிட்டுத்தான் பலர் "அனுமதி கொடுத்தும் வரல" என்கிறார்கள்.

கையால் சேர்ப்பதானால் சைட் செட்டிங்ஸ், பாப்-அப்ஸ் அண்ட் ரீடைரக்ட்ஸ், ஆட். வெறும் தளப் பெயரைப் போட்டால் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் செல்லும். கிளை முகவரிகளுக்கும் சேர்த்து வேண்டுமானால் முன்னால் சதுர அடைப்புக்குள் ஒரு நட்சத்திரம், ஒரு புள்ளி, அடைப்பை மூடி உடனே தளப் பெயர். இடையில் இடம் விடக் கூடாது. இன்னொன்று, அனுமதி கொடுக்க வேண்டியது பட்டன் இருக்கிற தளத்துக்கு. பிடிஎஃப் எந்த முகவரியிலிருந்து வருகிறதோ அதைச் சேர்த்துப் பிரயோசனம் இல்லை.

எழுத்து அளவு சாப்பாட்டுக்குப் பிறகு.

3 மே, மாலை 4.05 / கோட்டை அகழி

செட்டிங்ஸ், அப்பியரன்ஸ், கஸ்டமைஸ் ஃபாண்ட்ஸ். மேலே இருக்கிற "ஃபாண்ட் சைஸ்" பொதுவாக 16. அதைத் தொடாதே. அதற்குக் கீழே "மினிமம் ஃபாண்ட் சைஸ்" சும்மா 0-ல் உட்கார்ந்திருக்கும். அதை 14-க்கு இழு. தளம் 9, 10 என்று கேட்டாலும் 14-க்குக் கீழே இறங்காது.

3 மே, 4.30 / முள்ளுக்கத்திரி

கன்ட்ரோலும் பிளஸ்ஸும் அமுக்கறதை விட்டுட்டு இவ்வளவு தூரம் எதுக்கு போறீங்க?

3 மே, 4.50 / கோட்டை அகழி

ஜூம் பக்கம் முழுவதையும் பெரிதாக்கும், படம், பெட்டி, மெனு எல்லாம் சேர்த்து. 15 அங்குலத் திரையில் 150 வைத்தால் வலப்பக்கம் வெளியே போய்விடும். மினிமம் எழுத்தை மட்டும் பிடித்து நிறுத்தும். ஆனால் ஜூமுக்கும் ஒரு நல்ல குணம் உண்டு, தளத்துக்குத் தளம் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். இந்த நாளிதழ் தளத்துக்கு 125, அந்த விண்ணப்பத் தளத்துக்கு 90 என்று வைத்தால் அடுத்த முறையும் அப்படியே திறக்கும். கன்ட்ரோலும் பூஜ்யமும் சேர்த்து அமுக்கினால் பழைய நிலை.

5 மே 2025 / குடியாத்தம் ஜெராக்ஸ்

பூச்சாண்டி போச்சு. பிளாக் லிஸ்ட்ல 31 தளம் சேந்துது, கல்யாண மொய் நோட்டு மாதிரி. பிரிண்ட்டும் வந்துது. ஆனா 14 வச்சதுல ஒரு அப்ளிகேஷன்ல "சப்மிட்" பட்டன் மேல கேப்ட்சா ஏறி உக்காந்துகிச்சு அண்ணா.

5 மே, இரவு 9.10 / கோட்டை அகழி

என் தப்பு. சில பக்கங்களில் பெட்டியின் உயரத்தை இத்தனை பிக்சல் என்று அடித்து வைத்திருப்பார்கள். எழுத்து பெருத்தால் பெட்டி பெருக்காது, பக்கத்து ஆள் மேல் சாயும். தமிழில் இது கூடுதல் வம்பு. "கீ", "மூ" மாதிரி மேலேயும் கீழேயும் நீளும் எழுத்துகள் வரி உயரத்துக்குள் அடங்காமல் தலையோ காலோ வெட்டுப்படும்.

திருத்திச் சொல்கிறேன். கடை கணினிக்கு மினிமம் 12 போதும், 13-க்கு மேல் வேண்டாம். அதற்கும் சிறுசாகத் தெரிகிற தளத்துக்கு மட்டும் ஜூம். வைத்த ஜூம் எல்லாம் சைட் செட்டிங்ஸின் அடியில் "அடிஷனல் கன்டென்ட் செட்டிங்ஸ்" பிரித்தால் "ஜூம் லெவல்ஸ்" என்று பட்டியலாக இருக்கும். அங்கே ஒவ்வொன்றாக நீக்கலாம்.

6 மே 2025 / ஏலகிரி ஏறுமுகம்

தமிழ் அதிகம் படிக்கிறவர்கள் ஃபயர்பாக்ஸ் பக்கம் ஒரு தரம் போய்ப் பாருங்கள். செட்டிங்ஸ், ஜெனரல், ஃபாண்ட்ஸ், அட்வான்ஸ்டு. மேலே "எந்த எழுத்துக்கான ஃபாண்ட்" என்று ஒரு பட்டியல். அதில் தமிழ் தனியாக இருக்கிறது. தமிழுக்கு ஒரு ஃபாண்ட், ஓர் அளவு, ஒரு மினிமம், ஆங்கிலத்துக்கு வேறு. குரோமின் செட்டிங்ஸ் பக்கத்தில் இப்படிப் பிரிக்க வழி இல்லை.

அதே பெட்டியின் அடியில், பக்கங்கள் தங்கள் சொந்த ஃபாண்ட்டைத் தேர்ந்தெடுக்க அனுமதி என்று ஒரு டிக். அதை எடுத்துவிட்டால் எந்தத் தளமும் உங்கள் ஃபாண்ட்டில்தான் வரும். விலை என்னவென்றால், சில தளங்களில் மெனு படங்கள் கட்டம் கட்டமாக மாறும். அந்தப் படங்களும் ஃபாண்ட்டாகவே வருகிறவை.

ஜெனரல் பக்கத்திலேயே ஜூம் பகுதியில் "எழுத்தை மட்டும் பெரிதாக்கு" என்று இன்னொரு டிக் உண்டு. மேலே நடந்த ஜூம் சண்டைக்கு அது பாதி பதில்.

6 மே, 1.15 / கோட்டை அகழி

ஏலகிரி சொன்னது சரி, ஒரு சின்ன முடிச்சு விட்டுப்போச்சு. தமிழுக்கு வைத்த அளவு, பக்கம் தன்னைத் தமிழ் என்று அறிவித்துக்கொண்டால்தான் செல்லும். கன்ட்ரோலும் யூ எழுத்தும் அமுக்கி மூலத்தைத் திறந்து முதல் ஓரிரு வரியில் மொழிக் குறியைப் பாருங்கள். ஆங்கிலத் தளத்தின் அச்சை எடுத்து உள்ளே தமிழைக் கொட்டியிருந்தால் அங்கே ஆங்கிலம் என்றே எழுதியிருக்கும். அப்போது ஃபயர்பாக்ஸ் லத்தீன் பகுதியில் உள்ள அளவை எடுக்கும். அதனால் மினிமம் அளவைத் தமிழ், லத்தீன் இரண்டிலும் வைக்கணும்.

ஃபாண்ட் எது என்றால், விண்டோஸ் 10-ல் கூடவே வருவது நிர்மலா யூஐ. லதாவும் விஜயாவும் இப்போது தனியாக ஏற்ற வேண்டியவை: விண்டோஸ் செட்டிங்ஸ், ஆப்ஸ், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ், அதில் தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ். விஜயா ஒரே அளவு எண்ணிலும் மற்றதைவிடப் பொடியாகத் தெரியும். கண்ணாடி போட்டவர்களுக்கு அது வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ் இறக்கிக்கொண்டால் தலைவலி இல்லை.

6 மே, 6.40 / மக்கன் பேடா

என் கிட்ட ஒரு பழைய பக்கம். தமிழ்னு சொல்றாங்க, தெறக்கறது ஆங்கிலக் குப்பை. அதுக்கு எந்த செட்டிங்?

6 மே, 7.00 / கோட்டை அகழி

எந்த செட்டிங்கும் இல்லை. ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. இப்படி ஒரு சொல் கண்ணில் பட்டால் அது பாமினி எழுத்துருவில் அடித்த "தமிழ்". உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளே, மேலே தமிழ் வேஷம் போட்டிருந்தது ஃபாண்ட். அந்த ஃபாண்ட் கணினியில் இல்லையென்றால் வேஷம் கலைந்துவிடும். ஃபாண்ட்டை ஏற்றலாம், அல்லது எழுத்துரு மாற்றி எதிலாவது ஒட்டி, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடாக்கலாம். தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16 என்கிற தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமாக ஏற்று ஆணை போட்டது 2010-ல். அதற்கு முந்திய பக்கங்களில் இந்தக் கூத்து சகஜம்.

11 மே 2025 / முள்ளுக்கத்திரி

குரோம் தானாவே தமிழ்ல மொழிபெயர்த்து காட்டுது. வசதியாத்தான் இருக்கு. ஆனா ஒரு ஃபார்ம்ல மாவட்டம் தேர்ந்தெடுத்து அனுப்பினா "செல்லாத மதிப்பு"ங்குது. தேர்ந்தெடுத்தது வேலூர். வேலூர் எப்பய்யா செல்லாம போச்சு?

11 மே, 10.30 / கோட்டை அகழி

ஃபார்ம் நிரப்பும்போது மொழிபெயர்ப்பை நிறுத்து. கீழிறங்கு பட்டியல் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு மதிப்பு இருக்கும், சர்வருக்குப் போவது அது. எழுதியவர் மதிப்பைத் தனியாகக் கொடுக்காமல் விட்டிருந்தால், கண்ணுக்குத் தெரியும் எழுத்தே மதிப்பாகப் போகும். மொழிபெயர்ப்பு அந்த எழுத்தை மாற்றிவிட்டது. சர்வர் ஆங்கில வேலூரை எதிர்பார்த்து நிற்க, தமிழ் வேலூர் போய் வாசலில் நின்றிருக்கிறது.

விலாசப் பட்டையில் மொழிபெயர்ப்புப் படத்தைத் தட்டி, அதன் மூன்று புள்ளியில் "இந்தத் தளத்தை ஒருபோதும் மொழிபெயர்க்காதே". மற்ற தளங்களில் வழக்கம் போல நடக்கும். பக்கத்தைப் புதுப்பித்துவிட்டு மறுபடி நிரப்பணும்.

11 மே, 11.05 / குடியாத்தம் ஜெராக்ஸ்

மாவட்டம்னு வந்ததால கேக்கறேன். ஆற்காடு, வாலாஜா ஆளுங்களுக்கு பெட்டி தானா நிரம்பும்போது மாவட்டம் வேலூர்னே வருது. ராணிப்பேட்டை ஆகி எத்தனை வருஷம்?

11 மே, மதியம் 2.00 / கோட்டை அகழி

2019 நவம்பர் 28. அன்றைக்கு ஒரே நாளில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டைக்கு. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்கு. காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு வேலூரிலேயே. பின்கோடு எதுவும் மாறவில்லை, ஆற்காடு அன்றும் இன்றும் 632503. அதனால் பிரவுசருக்குச் சந்தேகமே வருவதில்லை. ஒரு தரம் சேமித்ததை ஆயுசுக்கும் நீட்டும்.

செட்டிங்ஸ், ஆட்டோஃபில் அண்ட் பாஸ்வேர்ட்ஸ், அட்ரஸஸ். சொந்தக் கணினி என்றால் பழைய விலாசத்தைத் திறந்து மாவட்டத்தைத் திருத்து. கடைக் கணினி என்றால் திருத்துவது வீண், ஊரார் விலாசம் உனக்கு எதற்கு? எல்லாவற்றையும் நீக்கிவிட்டு "சேமித்து நிரப்பு" சுவிட்சையே அணை. பேமென்ட் மெத்தட்ஸ், பாஸ்வேர்ட் மேனேஜர் இரண்டிலும் அப்படியே.

பெட்டிக்குக் கீழே தொங்கும் ஒற்றைப் பழைய சொல்லை மட்டும் ஒழிக்க, கீழ் அம்புக்குறியால் அதன் மேல் நின்று ஷிஃப்ட்டும் டெலிட்டும் சேர்த்து அமுக்கு. விலாசப் பட்டையில் வந்து மானத்தை வாங்கும் பழைய முகவரிக்கும் இதே மருந்துதான்.

11 மே, 2.20 / மக்கன் பேடா

வடாற்காடுன்னு வர்ற ஃபார்ம் ஒண்ணு இன்னும் என் கிட்ட இருக்கு. அதுக்கு ஷிஃப்ட் டெலிட் போதாது, கடப்பாரை வேணும்.

18 மே 2025 / கோட்டை அகழி

கடைக் கணினிக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது இது. கெஸ்ட் மோடு, அதாவது குரோமின் விருந்தாளி ஜன்னல். வாடிக்கையாளர் ஜன்னலை மூடியதும் ஹிஸ்டரி, குக்கி, லாகின் எல்லாம் போய்விடும்.

டெஸ்க்டாப்பில் குரோம் ஷார்ட்கட்டை வலது கிளிக், பிராப்பர்ட்டிஸ், ஷார்ட்கட், டார்கெட் பெட்டி. அதில் இருப்பது இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும். மூடும் மேற்கோளுக்கு வெளியே ஓர் இடம் விட்டு, இரண்டு குறுக்குக்கோடு, ஒட்டினாற்போல ஆங்கிலச் சிற்றெழுத்தில் கெஸ்ட். மேற்கோளுக்கு உள்ளே போட்டால் டார்கெட் சரியில்லை என்று விண்டோஸ் சண்டைக்கு வரும். ஷார்ட்கட்டின் பெயரை "வாடிக்கையாளர்" என்று மாற்றி, பழைய குரோம் படத்தை டாஸ்க்பாரிலிருந்து எடுத்துவிடு.

இரண்டு ஓட்டை இருக்கிறது. ஒன்று, வேறு மென்பொருளில் வந்த இணைப்பைத் தட்டினால் இந்த ஷார்ட்கட் வழியாகப் போகாது, உன் செட்டிங்ஸும் லாகினும் இருக்கும் சாதாரண புரொஃபைலில்தான் திறக்கும். இரண்டாவது பெரியது. கெஸ்ட் மூடினாலும் இறக்கிய கோப்புகள் டவுன்லோட்ஸில் அப்படியே கிடக்கும். ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கே என்று நினைக்காதே. ஆங்கிலப் பெயரின் முதல் 4 பெரிய எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அது. பெயர் தெரிந்த எவனும், ஆதார்க்காரரின் வயதை ஊகித்துச் சில ஆண்டுகளைப் போட்டுப் பார்த்தே திறந்துவிடலாம்.

விண்டோஸ் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், ஸ்டோரேஜ் சென்ஸ். அதில் டவுன்லோட்ஸுக்கு 1, 14, 30, 60 நாள் என்று தேர்வு உண்டு. 1 நாள் வை. அது "ஒரு நாளாகத் திறக்காத கோப்பு" என்கிற கணக்கு, சரியாக இராத்திரி 12 மணிக்குத் துடைப்பம் வராது. கடை மூடும்போது கையாலும் ஒரு தரம் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்.

18 மே, இரவு / ஏலகிரி ஏறுமுகம்

கெஸ்ட்டில் நோட்டிஃபிகேஷன் பிளாக், ஜூம், பாப்-அப் அனுமதி எதுவும் தங்காதே? இத்தனை நாள் சொன்னதெல்லாம் அங்கே செல்லாதே?

19 மே 2025 / கோட்டை அகழி

செல்லாது. அடுத்த அமர்வில் பழையபடி ஆரம்பிக்கும். அதனால் இரண்டு ஷார்ட்கட். வாடிக்கையாளர் தானே உட்கார்ந்தால் கெஸ்ட். கடைக்காரர் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தால் தனி புரொஃபைல், மேலே சொன்ன அனுமதிகள் எல்லாம் அதில். அந்தப் புரொஃபைலில் "அடிஷனல் கன்டென்ட் செட்டிங்ஸ்" அடியில் ஆன்-டிவைஸ் சைட் டேட்டா, அதில் எல்லா ஜன்னலையும் மூடும்போது அழி என்கிறதை வை.

அதோடு, ஸ்டார்ட்-அப் பகுதியில் "விட்ட இடத்திலிருந்து தொடர்" வைத்திருந்தால் எடுத்துவிடு. அது டேபை மட்டுமா திரும்பக் கொண்டுவரும்? லாகினையும் சேர்த்துத்தான். வீட்டில் கரன்ட் போய்ப் போய் வரும் மே மாதத்துக்கு அருமையான வசதி, கடையில் ஆபத்து.

2 ஜூன் 2025 / குடியாத்தம் ஜெராக்ஸ்

வெயிலுக்கு சிஸ்டமும் மூச்சு வாங்குது. 8 டேப் தெறந்தா தள்ளாடுது. சும்மா கிடக்கற டேபை தூங்க வைக்கற மெமரி சேவர் போடலாமா?

2 ஜூன், 12.10 / கோட்டை அகழி

முதலில் யார் தின்கிறான் என்று பார். குரோமுக்குள் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் அமுக்கினால் அதன் சொந்த டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி தலைப்பைத் தட்டினால் பெரியவன் மேலே வருவான். எக்ஸ்டென்ஷன் பெயர் மேலே நின்றால் அதை நீக்கு, மற்றது அப்புறம்.

செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ், மெமரி சேவர். மூன்று நிலை: மாடரேட், பேலன்ஸ்டு, மேக்ஸிமம். 4 ஜிபிக்கு பேலன்ஸ்டு. ஆனால் பாதி நிரப்பிய ஃபார்ம் இருக்கும் டேபை விட்டு நகர்ந்தால் அதையும் தூங்க வைத்து எழுதியதை அழித்துவிடும், ஜாக்கிரதை.

பிறகு சிஸ்டம் பகுதியில், குரோம் மூடிய பிறகும் பின்னால் ஓடு என்கிற சுவிட்சை அணை.

2 ஜூன், 3.30 / ஏலகிரி ஏறுமுகம்

ஃபார்மில் எழுதியதை அழிக்கும் என்ற வரி தவறு. பாதி நிரப்பிய ஃபார்ம், ஓடும் பாட்டு, நடக்கும் டவுன்லோட், பின் பண்ணிய டேப் இவற்றை மெமரி சேவர் தொடாது.

2 ஜூன், 5.00 / கோட்டை அகழி

ஏற்றுக்கொள்கிறேன். ஃபார்ம் காலியாவது பெரும்பாலும் தளத்தின் நேரக் கெடு முடிந்து லாகின் அறுவதால்தான், பழியை மெமரி சேவர் மேல் போட்டுவிட்டேன். அந்த நேரக் கெடு சர்வரில் இருக்கிறது, பிரவுசரில் எந்த செட்டிங்கும் அதை நீட்டாது. நீளமான பதில்களை நோட்பேடில் அடித்து ஒட்டு.

9 ஜூலை 2025 / முள்ளுக்கத்திரி

தமிழ் விக்கிப்பீடியா முகவரியை நகல் எடுத்து வாட்ஸ்ஆப்பில் ஒட்டினா பாலாறு நீளத்துக்கு சதவீதக் குறியா வருது.

9 ஜூலை, 8.20 / கோட்டை அகழி

ஒரு தமிழ்க் குறிக்கு, யூடிஎஃப் 8 என்கிற யூனிகோடு சேமிப்பு முறையில் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக விரியும். ஆக ஒரு குறிக்கு 9. "வேலூர்" நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு வ, ஏகாரக் குறி, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஆறு. 54 எழுத்து ஆச்சு.

ஃபயர்பாக்ஸில் விலாசப் பட்டையில் அபௌட், முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்து, எச்சரிக்கையைத் தாண்டி, தேடல் பெட்டியில் "டீகோட் யூஆர்எல்" என்று தேடினால் நகலெடுக்கும்போது விரித்துத் தரும் ஒரு வரி கிடைக்கும். ட்ரூ ஆக்கு. குரோமில் அப்படி ஒன்று கிடையாது. முகவரியின் முதல் எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியைத் தேர்ந்து நகலெடுத்தால் தமிழாகவே வரும். ஒட்டிய இடத்தில் அந்த முதல் எழுத்தைக் கையால் சேர்.

9 ஜூலை, 8.45 / மக்கன் பேடா

பாலாறு நீளம்னா பரவால்ல, தண்ணி இல்லாததால சீக்கிரம் கடந்துடலாம்.

16 ஆகஸ்ட் 2025 / மக்கன் பேடா

வீட்டுப் போன் ஆண்ட்ராய்டு 9. குரோம் அப்டேட் வரவே மாட்டேங்குது. விளம்பரத் தடுப்பானும் கணினில செத்துப்போச்சு.

16 ஆகஸ்ட், 9.30 / கோட்டை அகழி

இரண்டும் தனித்தனிச் சாவு. ஆண்ட்ராய்டு 8, 9-க்குக் குரோம் 138-தான் கடைசி. 139 முதல் ஆண்ட்ராய்டு 10 வேண்டும். கணினியில் நீ சொல்வது யூபிளாக் ஆரிஜின் என்றால், குரோம் பழைய வகை எக்ஸ்டென்ஷன்களையே நிறுத்திவிட்டது. அதன் லைட் பதிப்பு குரோமில் ஓடும், முழுப் பதிப்பு ஃபயர்பாக்ஸில் ஓடும். எதுவானாலும் பணம் கட்டும் பக்கத்தில் பட்டன் வேலை செய்யாவிட்டால் முதலில் அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பானை அணைத்துப் பார். எக்ஸ்டென்ஷனை நீக்க வேண்டாம்.

போனில் எழுத்துக்கு: குரோம் செட்டிங்ஸ், அக்ஸெசிபிலிட்டி. அங்கேயே, பெரிதாக்க விடாத தளத்தையும் வற்புறுத்திப் பெரிதாக்க ஒரு சுவிட்ச் உண்டு. அம்மா, அப்பா போனில் முதலில் போட வேண்டியது அதுதான்.

16 ஆகஸ்ட், 9.50 / மக்கன் பேடா

டேட்டா மிச்சம் பிடிக்க படத்தை ஆஃப் பண்ணிட்டேன். இப்ப கேப்ட்சா காணோம்.

16 ஆகஸ்ட், 9.55 / கோட்டை அகழி

கேப்ட்சாவும் படம்தானேய்யா. விலாசத்தின் இடப்பக்கம் இரண்டு கோடும் இரண்டு உருண்டையுமாக ஒரு குறி இருக்கும், 2023 வரை பூட்டு இருந்த இடம். கணினியில் அதைத் தட்டி, சைட் செட்டிங்ஸ், இமேஜஸ், அலோ. அந்த ஒரு தளத்துக்கு மட்டும் படம் வரும். பாப்-அப், படம், லொகேஷன் மாதிரி அனுமதி எதையும் இந்தக் குறியிலிருந்தே தளத்துக்குத் தளம் வைக்கலாம்.

21 அக்டோபர் 2025 / குடியாத்தம் ஜெராக்ஸ்

கடைசியா பிரிண்ட். ஹால் டிக்கெட்ல முத்திரை வரல, வலது ஓரம் வெட்டுது, தலையில முகவரியும் தேதியும் அச்சாகுது.

21 அக்டோபர், 1.40 / கோட்டை அகழி

கன்ட்ரோலும் பி-யும், பிறகு "மோர் செட்டிங்ஸ்" பிரி. முத்திரை பக்கத்தின் பின்னணிப் படமாக வைக்கப்பட்டிருக்கும், "பேக்ரவுண்ட் கிராஃபிக்ஸ்" டிக் போட்டால் வரும். "ஹெடர்ஸ் அண்ட் ஃபூட்டர்ஸ்" டிக்கை எடுத்தால் முகவரியும் தேதியும் போகும். வெட்டுக்கு முதலில் பேப்பர் சைஸைப் பார். டிரைவர் லெட்டரில் நிற்கும், நீ வைத்திருப்பது ஏ4. லெட்டர் 216-க்கு 279 மில்லிமீட்டர், ஏ4 210-க்கு 297. அகலத்தில் 6 மில்லி குறைகிறது, அதுதான் வலது ஓரம். ஏ4 வைத்தும் வெட்டினால் ஸ்கேல், கஸ்டம், 90. ஆனால் புகைப்படம் ஒட்டும் கட்டம் உள்ள விண்ணப்பத்தில் ஸ்கேலைத் தொடாதே, கட்டம் சுருங்கிப் படம் அடங்காது. அங்கே மார்ஜினை மினிமம் வைத்துப் பார்.

21 அக்டோபர், 4.15 / குடியாத்தம் ஜெராக்ஸ்

ஏ4 வச்சதுலயே சரியாச்சு. அடுத்த சிஸ்டத்துல முத்திரை வருது, ஆனா பாதி.

21 அக்டோபர், 4.20 / கோட்டை அகழி

அது இங்க் தீர்ந்தது.